வந்தவர்களா, வரைந்தவர்களா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தியாகராய நகரின் இந்த அரங்கை நிறைத்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

'மாநகரத்தின் இன்றைய அல்லலுக்குப் பெரிதும் காரணம் வந்து குவிந்த மக்களா, வரைபடம் வரைந்த நிர்வாகமா?' என்ற தலைப்பில், நிர்வாகமே என்று வாதிட எழுந்திருக்கிறேன். நிர்வாகம் என்று நான் சொல்வது எந்த ஒரு கட்சியின் ஆட்சியையும் அன்று. யார் ஆட்சிக்கு வந்தாலும், எங்கே வீடு, எங்கே சாலை, எங்கே குப்பைமேடு என்று கோடு போடுகிற அதிகாரத்தையே சொல்கிறேன். ஆகையால் கட்சிக்காரர்கள் யாரும் நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை.

எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். இருபது லட்சம் பேருக்கு ஏற்ற சென்னையில் ஒரு கோடிப் பேர் வந்து குவிந்தால் எந்த நிர்வாகம் தாங்கும் என்பது முதல் வாதம். ஆற்றங்கரையில் குடிசை போட்டவர்களும் கால்வாயில் குப்பை எறிந்தவர்களும் மக்கள்தானே என்பது இரண்டாவது. 2015 டிசம்பரில் பெய்தது நூறாண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழை, வானத்தின் மீது யார் வழக்குப் போடுவது என்பது மூன்றாவது. நல்ல கைத்தட்டலும் வாங்கினார். அவர் பேச்சின் நயத்தை நான் மறுக்கவில்லை, கணக்கைத்தான் மறுக்கிறேன்.

'ஒரு கோடி' என்று அவர் சொன்னதும் அரங்கம் மலைத்தது. அந்தக் கோடிப் பேர் எங்கே குடியேறினார்கள் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் இருந்தவர்கள் 43 லட்சத்துச் சொச்சம். 2011-இல் 46 லட்சத்துச் சொச்சம். பத்தாண்டு வளர்ச்சி ஏறத்தாழ 7 விழுக்காடு. அதே பத்தாண்டுகளில் பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டம் வளர்ந்தது 39 விழுக்காடு. ஆக, மயிலாப்பூருக்குள்ளும் திருவல்லிக்கேணிக்குள்ளும் இடம் பிடிக்க யாரும் முண்டியடித்துக்கொண்டு வரவில்லை. வந்தவர்கள் நகரத்தின் விளிம்புக்குப் போனார்கள். ஏன் போனார்கள் என்று கேட்டால்தான், நடுவர் அவர்களே, வழக்கு தொடங்குகிறது.

2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பழைய மாமல்லபுரம் சாலை தகவல் தொழில்நுட்பப் பெருவழியாக அறிவிக்கப்பட்டு, ஆறு வழிச் சாலையாக அகலப்படுத்தப்பட்டு, சுங்கச்சாவடிகளும் வைக்கப்பட்டு, இருமருங்கிலும் சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. வேலை அங்கே என்று அரசே முரசறைந்தது. வேலை இருக்கும் இடத்துக்கு மக்கள் போனார்கள். அவர்களுக்கான குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் மட்டும் சாலையோடு போகவில்லை. சாலை திறந்து பல ஆண்டுகள் கழித்தும் அங்குள்ள பல அடுக்ககங்களில் நடைமுறை இதுதான்: விடிவதற்குள் ஒரு வாயிலில் தண்ணீர் லாரி பின்பக்கமாக நுழைந்து, தடித்த குழாயைத் தரைத்தொட்டிக்குள் இறக்கும், மறு வாயிலில் கழிவுநீர் லாரி வெளியேறும், காவலாளி இரண்டு வண்டிகளின் எண்ணையும் நேரத்தையும் ஒரே நோட்டில் குறித்துக்கொள்வார், மாதக் கடைசியில் இரண்டுக்கும் சேர்த்துப் பராமரிப்புக் கட்டணம் என்று ஒரு தொகை வரும். அறுபது லட்சம், எண்பது லட்சம் என்று கடன் வாங்கி வீடு வாங்கியவர்கள் அவர்கள். கல்யாணத்துக்கு ஊரையே அழைத்துவிட்டு, சமையலுக்கு ஆள் சொல்லாமல் இருந்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்தவர்களைப் பார்த்து 'இவ்வளவு பேர் வந்தால் என்ன செய்வது' என்று அலுத்துக்கொள்ளும் வீட்டுக்காரரை நீங்கள் பார்த்ததுண்டா? எதிரணித் தலைவர் அவருக்குத்தான் வக்காலத்து வாங்கியிருக்கிறார்.

மக்கள்தொகைதான் நோய் என்றால் டோக்கியோ என்றோ மூழ்கியிருக்க வேண்டும். அந்தப் பெருநகரப் பகுதியில் ஏறத்தாழ 3 கோடியே 70 லட்சம் பேர் வாழ்கிறார்கள். புயலும் பெருமழையும் அவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் விருந்தாளிகள். சிற்றாறுகள் பெருக்கெடுத்தால் வெள்ளத்தை வாங்கிப் பெரிய ஆற்றில் சேர்ப்பதற்கென்று, தரைக்கு ஐம்பது மீட்டர் ஆழத்தில் 6.3 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வெட்டி 2006-இல் முடித்தார்கள். உடனே 'ஜப்பானிடம் பணம் இருக்கிறது' என்று எதிரணியிலிருந்து ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. நம்மிடமும் இருக்கிறது, ஐயா. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் 63,246 கோடி ரூபாய் என்று திட்டமிட்டவர்கள் நாம். அதைவிடப் பெரிய செய்தி, அந்தச் சுரங்கம் செய்கிற வேலையைச் செய்ய நமக்குச் சுரங்கமே தேவைப்பட்டிருக்காது என்பது. அதற்கான ஏற்பாடு இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தது.

அந்த ஏற்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல நடுவர் அனுமதிக்க வேண்டும். சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். எந்நேரமும் தூறிக்கொண்டிருப்பதாக நாம் நினைக்கும் லண்டன் பெறுவது இதில் பாதிக்கும் குறைவு. நமக்கு மழையில் குறையில்லை. அதன் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். நிலமோ கடலை நோக்கி மிக மெதுவாகச் சரியும் தட்டை நிலம். மூன்று மாதத்தில் வருவதைப் பன்னிரண்டு மாதத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும், அதே சமயம் அந்த மூன்று மாதத்தில் மூழ்காமலும் இருக்க வேண்டும். இந்த இரட்டைக் கணக்குக்கு நம் முன்னோர் கண்ட விடை ஏரி. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதி முழுவதும் மேட்டு ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழியும் நீர், போக்குக் கால்வாயில் ஓடிப் பள்ளத்து ஏரியின் வரத்துக் கால்வாயில் சேரும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த ஏரி. எல்லாம் நிரம்பினால் சதுப்பு. சதுப்பும் நிரம்பினால் முகத்துவாரம், கடல். வெள்ளத் தடுப்பும் குடிநீர்ச் சேமிப்பும் அங்கே இரண்டு துறைகளாகப் பிரிந்திருக்கவில்லை. ஒரே கரைதான் இரண்டையும் செய்தது.

இந்தச் சங்கிலியைக் குடிசைக்காரர்கள் அறுத்தார்கள் என்று எதிரணி சொல்கிறது. நாம் கூடியிருக்கும் இந்த இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920-களில் மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். அதற்கு முன் இந்தப் பட்டிமன்றத்தை நடத்துவதானால் நடுவரையும் பரிசலில்தான் அமர்த்தியிருக்க வேண்டும். 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில் நிற்கிறது. முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் அமைத்த ஒரு குடியிருப்புக்கு ஏரித் திட்டம் என்றே பெயர். அங்கு இருப்பவர்கள் இன்றும் முகவரியில் அப்படித்தான் எழுதுகிறார்கள். இவற்றில் எதையும் இரவோடு இரவாக யாரும் ஆக்கிரமிக்கவில்லை. அரசாணை போட்டு, அளந்து, கல் நட்டுச் செய்தார்கள்.

பள்ளிக்கரணைக்கு வாருங்கள். தென்சென்னையின் ஏரிகளெல்லாம் வழிந்து வந்து சேரும் சதுப்பு அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் நீர் கடலைச் சேரும். ஒரு காலத்தில் சுமார் ஐம்பது சதுர கிலோமீட்டர் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சதுப்பில் இன்று மிஞ்சியிருப்பது மிகச் சிறிய பங்குதான். மற்றதெல்லாம் எங்கே போயிற்று? பெருங்குடியில் மாநகரக் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்டது, கொட்டியது மாநகராட்சி. பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் ஆரச்சாலை சதுப்பை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போகிறது. போட்டது நெடுஞ்சாலைத் துறை. அரசு ஆய்வு நிறுவனங்களுக்கு அங்கே வளாகம் உண்டு, பறக்கும் ரயிலுக்கு நிலையம் உண்டு. 2022-இல் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் சேர்ந்து உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற பெயரைப் பெற்றபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். மகிழத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சான்றிதழைப் பெற்ற கையும் அதற்கு முன் மண்ணைக் கொட்டிய கையும் ஒன்றுதான்.

பறக்கும் ரயிலைச் சொன்னேன். சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வழியாகப் போகிறவர்கள் ஒருமுறை சன்னல் வழியே கீழே பாருங்கள். தூண்கள் பக்கிங்ஹாம் கால்வாயிலேயே இறக்கப்பட்டிருக்கும். மழைநீர் வடிந்துகொண்டிருந்த கால்வாயை இடம் மலிவாகக் கிடைத்த பாதையாகக் கண்டவர்கள் பொறியாளர்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் கட்டி நீட்டப்பட்டிருக்கிறது. 2015 வெள்ளத்தில் அந்த விமான நிலையமே சில நாள்கள் மூடிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கரையோரம் பத்துக்குப் பத்து அடியில் கூரை போட்டவர் ஆக்கிரமிப்பாளர். ஆற்றின் மேல் ஓடுபாதை போட்டவர் உள்கட்டமைப்பு வளர்ச்சியாளர். இந்த நியாயத்தை நடுவர் அவர்கள் ஏற்பார்கள் என்று நான் நம்பவில்லை.

இனி அந்த நூறாண்டு மழை. 2015 டிசம்பர் முதல் நாளில் பெய்த மழை பெரிது என்பதை நான் மறுக்க மாட்டேன். இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் கொட்டியது. எந்த ஆட்சி இருந்தாலும், எந்த ஏரி இருந்தாலும், சில தெருக்களிலாவது தண்ணீர் ஏறியிருக்கும். அது எந்த வீட்டில் எவ்வளவு உயரம் ஏறியது, ஏறப் போகிறது என்று யாருக்கு எத்தனை மணி நேரம் முன்னால் தெரிவிக்கப்பட்டது என்பதுதான் கேள்வி. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்ட அந்த இரவில், சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் ஜாபர்கான்பேட்டையிலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீர் கட்டிலைத் தொட்ட பிறகு விழித்தார்கள். வழியில் கட்டுப்பாடில்லாத ஏரிகளின் உபரியும் சேர்ந்துகொண்டது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறிப்பிட்டது. வானத்தின் மீது வழக்குப் போட வேண்டிய அவசியம் தணிக்கைத் துறைக்குக் கூட ஏற்படவில்லை.

எதிரணியின் மழை வாதத்தைக் கவிழ்க்க இன்னொரு ஆண்டு போதும். 2015-இல் மூழ்கிய அதே நகரம் 2019 ஜூன் மாதத்தில் வறண்டது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. நாளொன்றுக்குச் சுமார் 83 கோடி லிட்டர் வழங்கிவந்த குடிநீர் வாரியம் அதை 52 கோடி அளவுக்குக் குறைத்தது. உணவகங்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின; நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர், அதாவது நகரத்துக்குக் கிடைத்துவந்த அளவில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. வில்லிவாக்கத்தில் அந்த ரயிலுக்கு மாலை போட்டு வரவேற்பு வேறு. நான்கு ஆண்டுகளுக்குள் ஒரு நகரம் மூழ்கவும் செய்து வறளவும் செய்தால், அதற்கு மழை மிகுந்ததும் மழை பொய்த்ததும் மட்டும் காரணமாக முடியுமா? வந்த நீரை வைத்துக்கொள்ள இடமில்லாமல் செய்தது எதுவோ அதுதானே இரண்டுக்கும் காரணம்? இத்தனைக்கும் 2003-இல் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மக்கள் மாடியிலிருந்து குழாய் இறக்கி, தொட்டி வெட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி, தம் கைக்காசைப் போட்டுச் செய்தார்கள். மக்கள் தம் மொட்டைமாடி நீரைப் பிடித்துக்கொண்டிருந்த வேளையில், நிர்வாகம் ஏரிகளைக் கை கழுவிக்கொண்டிருந்தது.

'சரி, ஏரியில் மனை வாங்கியவன் முட்டாளா?' என்று எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய நண்பர் கேட்டார். நல்ல கேள்வி; நானே கேட்க நினைத்ததுதான். முடிச்சூரிலோ வரதராஜபுரத்திலோ ஓய்வூதியப் பணத்தில் மனை வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் என்னென்ன பார்க்கிறார்? தாய்ப்பத்திரம் பார்க்கிறார். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று எடுக்கிறார். பட்டா இருக்கிறதா, அப்ரூவல் எண் இருக்கிறதா என்று கேட்கிறார். வங்கியின் வழக்கறிஞர் அதே கட்டைப் புரட்டிப் பார்த்துச் சட்டக் கருத்துரை எழுதித் தருகிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்து, முத்திரைத் தீர்வை கட்டிப் பதிகிறார். கட்டட வரைபடத்துக்கு அனுமதி, மின் இணைப்பு, சொத்துவரி எண், குடும்ப அட்டை, வாக்காளர் அடையாள அட்டை என ஒவ்வொரு காகிதத்திலும் ஓர் அரசு முத்திரை விழுகிறது. அவ்வளவு கையெழுத்துகளில் ஒரே ஒரு கையாவது 'இது நீர் வரும் வழி, வேண்டாம்' என்று எழுதியிருந்தால் அவர் வாங்கியிருப்பாரா? நிலத்தின் சரிவு எந்தப் பக்கம் என்று மேற்கு மாம்பலத்திலிருந்து மனை பார்க்கப் போன ஓய்வுபெற்ற ஆசிரியருக்குத் தெரிய வேண்டும், ஆனால் புல வரைபடத்தைப் பூட்டி வைத்திருக்கும் வருவாய்த் துறைக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

இதற்கு மேல் ஒன்று உண்டு. விதியை மீறியவர்களை நிர்வாகம் என்ன செய்தது? நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998-இல் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, விதிமீறிக் கட்டிய கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு விலக்கு அளித்தார்கள். ஒரே ஒரு முறைதான் என்றார்கள். பிறகு கெடுவைத் தள்ளி வைத்தார்கள், மறுபடியும் தள்ளி வைத்தார்கள். 2006-இல் உயர் நீதிமன்றம் குறுக்கிட வேண்டியிருந்தது. 2017-இல் அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. வரன்முறை என்பது ஒருவகையில் கருணைதான். ஏற்கெனவே குடியிருப்பவரைத் தெருவில் நிறுத்த யாருக்கும் மனம் வராது. ஆனால் மீறிக் கட்டு, பிறகு பணம் கட்டு என்ற பாடத்தைக் கட்டுமானத் தொழிலுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில், போரூர் ஏரிக்கு அருகில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்களே, அந்தக் கட்டடம் அனுமதி பெற்ற கட்டடம். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த கூலித் தொழிலாளர்கள். 'வந்து குவிந்தவர்கள்' என்று எதிரணி சொல்கிற மக்கள் அவர்கள்தாம்.

ஆற்றங்கரைக் குடிசைகளைப் பற்றி எதிரணித் தலைவர் மிகக் கடுமையாகப் பேசினார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை அகற்றி, வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிப் பெரும்பாக்கத்தில் குடியேற்றினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில். அதற்கு முன் மக்களைக் கொண்டுபோய் வைத்த செம்மஞ்சேரி எங்கே இருக்கிறது? அதே தாழ்நிலத்தில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரும்பாக்கம் மூழ்கியது. ஆற்றங்கரையில் மூழ்கியவர்களைச் சதுப்பில் மூழ்க வைத்ததற்குப் பெயர் மறுவாழ்வு.

அந்தக் குடியிருப்பின் அன்றாடத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். சைதாப்பேட்டைக் கரையில் இருந்த ஒரு பெண் கோட்டூரிலும் நந்தனத்திலுமாக மூன்று வீடுகளில் வேலை பார்த்தார். நடந்து போவார், நடுவில் வந்து பிள்ளைக்குச் சோறு போடுவார், மறுபடி போவார். இன்று எட்டடுக்குக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் அவருக்கு ஒரு வீடு. மின்தூக்கி ஓடாத நாளில் குடத்தோடு படியேற்றம். காலை முதல் பேருந்தைப் பிடித்தால்தான் ஏழு மணிக்கு முதல் வீட்டின் பாத்திரத்தைத் தொட முடியும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணியை எந்தக் கழகமும் திருப்பித் தராது. மூன்று வீடு ஒரு வீடாகிவிட்டது. பள்ளி மாறிய பிள்ளைகளில் சிலர் பள்ளியையே விட்டுவிட்டார்கள். 'நகரத்துக்குள் நெரிசல்' என்று எதிரணி குறைபட்டதே, அந்த நெரிசலில் இந்தப் பெண்ணின் மூன்று மணி நேரப் பயணமும் ஒரு பகுதி. முன்பு சாலையில் இல்லாதிருந்தவரைச் சாலைக்குக் கொண்டுவந்தது திட்டம்.

குப்பையைப் பற்றி நீண்டு பேச நான் விரும்பவில்லை. கால்வாயில் நெகிழிப் பையை எறிவது தவறு. எறிகிறவர் என் அணியில் இருந்தாலும் தவறு. ஆனால் நாளொன்றுக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல் சேரும் குப்பையைத் தரம் பிரிக்காமல் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவித்தது வீட்டுக்காரர்கள் அல்லர். போக்குவரத்திலும் இதே கதைதான். கிளாம்பாக்கத்துப் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிறது. முனையம் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கிய பயணி அடுத்த ஊர் ரயில் நிலையத்துக்கு வண்டி தேடினார். முதலில் எதைக் கட்டுவது என்ற வரிசையைக் கூட மக்கள் தொகையா குலைத்தது?

கடைசியாக, எதிரணியில் அடுத்துப் பேச இருப்பவர் என்ன சொல்லப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். 'நிர்வாகத்தைத் தேர்ந்தெடுத்ததே மக்கள்தானே, ஆகவே பழியும் மக்களுக்கே' என்பார். இதுதான் அவர்களுடைய வலுவான வாதம், ஆகவே இதற்கு நேராகவே விடை சொல்கிறேன்.

1688-இல் தொடங்கியது சென்னை மாநகராட்சி. 1973-இல் அதன் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல் நடந்தது. இடையில் 23 ஆண்டுகள் இந்த மாநகரத்துக்குக் கவுன்சிலர் இல்லை, மேயர் இல்லை. அந்த இடைவெளியில் நடந்தவற்றைப் பாருங்கள். 1975-இல் முதல் முழுமைத் திட்டம் வந்தது. நகரத்தை வரையும் வேலை பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்குப் போயிற்று. 1978-இல் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியிடமிருந்து பிரித்துத் தனி வாரியத்துக்குக் கொடுக்கப்பட்டன. குடிசைப் பகுதிகள் 1970-லேயே வேறொரு வாரியத்துக்குப் போய்விட்டன. கால்வாய்க்குள் தூண் இறக்கிய பறக்கும் ரயில் திட்டமிடப்பட்டு, கட்டப்பட்டு, 1995-இல் முதல் பகுதி ஓடத் தொடங்கியதும் அதே 23 ஆண்டுகளுக்குள்தான். 1993-இல் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்து, நகரத் திட்டமிடல், குடிநீர், குடிசை மேம்பாடு உள்ளிட்ட 18 பணிகள் உள்ளாட்சிக்கு உரியவை என்று பட்டியலிட்டது. பட்டியல் தில்லியில் இருக்கிறது. அதிகாரம் இன்றும் குழுமத்திலும் வாரியங்களிலும் இருக்கிறது. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தபோது மறுபடியும் தேர்தல் நடக்கவில்லை. 2022 பிப்ரவரி வரை அதிகாரிகளின் தனி ஆட்சி. 2019-இன் வறட்சியிலும் 2021-இன் வெள்ளத்திலும் வாசலில் நின்று கேட்க ஒரு வட்ட உறுப்பினர் கூட நமக்கு இல்லை. சட்டமன்றத்துக்கு ஆள் அனுப்பினீர்களே என்பார்கள். அனுப்பினோம், 234 பேரில் சென்னை மாவட்டத்துக்கு 16 பேர்.

இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று ஒரு குழு, குடவோலையில் தேர்வு, பதவிக்காலம் 360 நாள், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி நிற்கக் கூடாது. அன்றைய சபையில் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை என்பதை நான் மறைக்கவில்லை. நிலமும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களுக்கே அந்தக் குடம். ஆனாலும் ஏரியைப் பொறுப்பேற்றவர் அந்த ஊரிலேயே இருந்தார், ஆண்டுக்கு ஒருமுறை அவரிடம் கணக்குக் கேட்கப்பட்டது.

ஆகவே எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரே ஒரு வினா. பள்ளிக்கரணையில் குப்பை கொட்ட முடிவெடுத்தவர், கால்வாயில் தூண் இறக்கியவர், முடிச்சூர் மனைக்கு ஒப்புதல் முத்திரை வைத்தவர், பெரும்பாக்கத்துச் சதுப்போரத்தில் எட்டடுக்கு எழுப்பியவர் ஆகிய நால்வரில், இந்த நகரத்து மக்களிடம் வந்து கணக்குக் காட்டிய ஒருவரையாவது அவர் பெயரோ பதவியோ சொல்லிக் காட்டட்டும். காட்டினால் என் வாதத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காட்ட முடியாவிட்டால், நடுவர் அவர்களே, தீர்ப்பு எங்கள் அணிக்கு. நன்றி, வணக்கம்.